சேலம் – ஏற்காடு – குப்பனூர் மிதிவண்டிச் சுற்று

சேலம் – ஏற்காடு – குப்பனூர் மிதிவண்டிச் சுற்று என்பது தமிழ்நாட்டின் சேலம் நகரிலிருந்து புறப்பட்டு, அடிவாரம் வழியாகச் சேர்வராயன் மலை மீதுள்ள ஏற்காட்டை அடைந்து, மலையின் மறுபுறம் கொட்டச்சேடு, குப்பனூர் வழியாக இறங்கி மீண்டும் சேலத்தை வந்தடையும் சாலைவழி மிதிவண்டிப் பாதை ஆகும். புறப்படும் இடத்தைப் பொறுத்து இதன் மொத்த நீளம் ஏறத்தாழ 65 முதல் 75 கி.மீ. வரை அமைகின்றது. அடிவாரத்திற்கும் ஏற்காட்டிற்கும் இடைப்பட்ட சுமார் 20 கி.மீ. தொலைவில் சாலை ஏறத்தாழ 1,000 மீட்டர் உயர்கின்றது. இப்பகுதியில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன.

நகரின் நடுவிலிருந்து கிளம்பி, ஒரு மலையின் மீதேறி, ஏறிய வழியே திரும்பாமல் வேறு வழியாக இறங்கி, நண்பகலுக்குள் வீடு திரும்பக்கூடிய பாதைகள் தமிழ்நாட்டில் மிகச் சிலவே. மலையின் இரு புறங்களிலும் பொதுச் சாலை இருந்தால் மட்டுமே இத்தகைய சுற்று இயலும். மலைவாழ் மக்களுக்கு அந்த இரண்டாவது சாலை பொழுதுபோக்கு அன்று. மழைக்காலத்தில் ஒரு சாலை அடைபட்டால் எஞ்சியிருக்கும் ஒரே வழி அதுவே. இச்சுற்றைப் பற்றி அறிய விரும்புவோர் இரண்டையும் சேர்த்தே அறிதல் வேண்டும்.

பெயரும் வரையறையும்

இது அரசால் குறியிடப்பட்ட மிதிவண்டித் தடம் அன்று. இதற்கெனத் தனிப் பாதையோ வழிகாட்டிப் பலகைகளோ இல்லை. பேருந்துகளும் சரக்குந்துகளும் மகிழுந்துகளும் செல்லும் பொதுச் சாலைகளே இச்சுற்றின் பகுதிகள். மிதிவண்டி ஓட்டுநர்கள் இதனை "ஏற்காடு லூப்" என்றும் அழைப்பதுண்டு. ஆயினும், ஏற்காடு நகரைச் சுற்றி மலை மீதே அமைந்துள்ள, சுமார் 32 கி.மீ. நீளமுடைய சாலைக்கும் "லூப் ரோடு" என்ற பெயர் வழங்கி வருகின்றது. இவ்விரண்டையும் குழப்பிக் கொள்ளலாகாது. பின்னது மலை உச்சியிலேயே தொடங்கி அங்கேயே முடிவது. காப்பித் தோட்டங்களையும் மலைக் கிராமங்களையும் இணைப்பது. இக்கட்டுரை சேலத்தில் தொடங்கிச் சேலத்தில் முடியும் பெரிய சுற்றைப் பற்றியது.

புவியியல்

சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். மேற்குத் தொடர்ச்சி மலையைப் போல் இடைவிடாது நீளும் சுவராக அல்லாமல், கிழக்குத் தொடர்ச்சி மலை தமிழ்நாட்டில் தனித்தனி மலைத் தொகுதிகளாகவே காணப்படுகின்றது. சவ்வாது மலை, கல்வராயன் மலை, பச்சை மலை, கொல்லி மலை, சேர்வராயன் மலை ஆகியன அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. நாற்புறமும் சமவெளியால் சூழப்பட்டிருப்பதால், ஒரு புறம் ஏறி மறுபுறம் இறங்குவதற்கு இயற்கையே இங்கு இடம் தந்துள்ளது.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீ. உயரத்தில் உள்ளது. ஏற்காட்டின் உயரம் 1,515 மீ. எனப் பல நூல்களில் குறிப்பிடப்பட்டிருப்பினும், ஏரியும் கடைத்தெருவும் அமைந்துள்ள பகுதி அதைவிடத் தாழ்வானது. மலையின் மிக உயர்ந்த பகுதிகளில் ஒன்றான சேர்வராயன் கோயில் 1,623 மீ. (5,326 அடி) உயரத்தில் அமைந்துள்ளது.

இம்மலை பெரும்பாலும் சார்னோக்கைட்டு என்னும் கடினமான பாறையால் ஆனது. உச்சியில் அலுமினியத்தின் தாதுவான பாக்சைட்டுப் படிவுகள் உள்ளன. மலைக்கும் சேலத்திற்கும் இடைப்பட்ட நிலத்தில் மாக்னசைட்டு எனப்படும் வெள்ளைக்கல் பெருமளவில் கிடைக்கின்றது.

ஏரி, காடு என்னும் இரு சொற்களின் சேர்க்கையே ஏற்காடு என்பது பொதுவான கருத்து. 1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் இம்மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். இன்றும் காப்பி, மிளகு, ஆரஞ்சு ஆகியன இங்கு பயிராகின்றன. மலையாளிப் பழங்குடியினர் மலை முழுவதும் பரவியுள்ள சிற்றூர்களில் வாழ்கின்றனர். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்வோர் என்ற பொருளிலேயே இப்பெயர் வழங்குகின்றது. இவர்கள் பேசுவது தமிழே.

பாதை விவரம்

சேலம் முதல் அடிவாரம் வரை

நகரின் மையப் பகுதியிலிருந்து அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரத்தை அடைய ஏறத்தாழ 10 கி.மீ. ஆகும். இப்பகுதி மிக மெதுவாக உயர்வதால் ஏற்றம் கண்ணுக்குத் தெரிவதில்லை. உடலைச் சூடேற்றிக் கொள்வதற்கு இத்தொலைவு போதுமானது. காலை எட்டு மணிக்குப் பின்னர் நகரப் போக்குவரத்து மிகுவதால், விடியும் வேளையிலேயே நகரைக் கடந்து விடுவது வழக்கம். மலைச்சாலை தொடங்கும் இடத்தில் சோதனைச் சாவடி உள்ளது. சக்கரத்தில் காற்று, பிரேக், குடிநீர் ஆகியவற்றைச் சரிபார்க்க இதுவே கடைசி இடம். இதற்கு மேல் ஏற்காடு வரையில் பழுதுபார்க்கும் கடைகளை எதிர்பார்க்க இயலாது.

அடிவாரம் முதல் ஏற்காடு வரை

இதுவே சுற்றின் உயிர்நாடி எனலாம். சுமார் 20 கி.மீ. தொலைவில் 1,000 மீ. உயர்வு என்பதால் சராசரிச் சாய்வு 5 விழுக்காடு ஆகும். அதாவது, ஒவ்வொரு 20 மீட்டர் நகர்விற்கும் ஒரு மீட்டர் உயர்வு. சராசரி என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். சில இடங்களில் சாய்வு இதைவிடக் கூடுதலாகவும், வளைவுகளில் குறைவாகவும் இருக்கும். தொடக்கத்தில் வறண்ட புதர்க்காடும் மூங்கிலும் காணப்படுகின்றன. உயரம் கூடக்கூட மரங்கள் அடர்ந்து, காற்று குளிர்ந்து, சாலையோரங்களில் சில்வர் ஓக் மர நிழலில் காப்பிச் செடிகள் தென்படத் தொடங்குகின்றன.

பழக்கமுள்ள ஓட்டுநர் ஒருவர் மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் இதனை ஒரு மணி 40 நிமிடங்களில் கடப்பார். மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் செல்பவருக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். இரண்டுமே இயல்பானவை.

மலை மேல்

சாலை ஏற்காடு ஏரியை ஒட்டிய பகுதியில் முடிகின்றது. தேநீர்க் கடைகளும் உணவகங்களும் இங்கு உள்ளன. நேரமும் வலுவும் உள்ளோர் சேர்வராயன் கோயில் வரை சென்று வருவதுண்டு. கோயிலுக்குச் செல்லும் வழி மேலும் ஏற்றமானது. இறங்குவதற்கு முன் குறைந்தது அரை மணி நேரம் ஓய்வெடுப்பது நல்லது. களைத்த கைகளால் பிரேக்கை நெடுநேரம் அழுத்திப் பிடிக்க இயலாது என்பதே இதற்குக் காரணம்.

ஏற்காடு முதல் சேலம் வரை

திரும்பும் வழி கொட்டச்சேடு வழியாகக் குப்பனூருக்கு இறங்குகின்றது. முதன்மைச் சாலையைவிட இது குறுகலானது. கொண்டை ஊசி வளைவுகளும் போக்குவரத்தும் குறைவு. வழி நெடுகிலும் சிற்றூர்களும் தோட்டங்களும் இருப்பதால், வளைவுக்கு அப்பால் மாடோ, பள்ளிச் சிறாரோ, சாலையில் உலர்த்தப்பட்ட விளைபொருளோ இருக்கக்கூடும். வெறிச்சோடிய சாலை என எண்ணி விரைந்து இறங்குவது தவறு. குப்பனூரை அடைந்தபின் நிலம் சமமாகின்றது. அங்கிருந்து வீராணம் பகுதியைக் கடந்து, அம்மாப்பேட்டை வழியாக நகருக்குள் நுழையலாம்.

சுற்றை எதிர்த்திசையிலும் செல்லலாம். ஆயினும், அகலமான, அளவான சாய்வுடைய சாலையில் ஏறி, போக்குவரத்துக் குறைந்த சாலையில் இறங்குவதையே பலரும் விரும்புகின்றனர். மே மாதத்தில் ஏற்காட்டில் நடைபெறும் கோடை விழாக் காலத்தில், முதன்மைச் சாலை வழியாக ஏறிக் குப்பனூர் வழியாக இறங்குமாறு வாகனங்களுக்கு ஒருவழிப் போக்குவரத்து அறிவிக்கப்படுவதுண்டு. அந்நாட்களில் எதிர்த்திசையில் செல்வதைத் தவிர்க்க வேண்டும். இயன்றால் அந்நாட்களையே தவிர்ப்பது நன்று.

கொண்டை ஊசி வளைவுகள்

மலைச்சாலை ஒன்று நேராக உச்சியை நோக்கிச் சென்றால் எந்த ஊர்தியாலும் அதில் ஏற இயலாது. எனவே, சாய்வைக் குறைக்கும் பொருட்டுச் சாலையின் நீளம் கூட்டப்படுகின்றது. மலைச்சரிவின் அகலம் முடிந்ததும் சாலை ஏறத்தாழ 180 பாகை திரும்பி, எதிர்த்திசையில் மீண்டும் உயர்கின்றது. இத்திருப்பமே கொண்டை ஊசி வளைவு எனப்படுகின்றது.

இந்தியச் சாலைப் பேராயத்தின் மலைச்சாலை நெறிமுறைகளின்படி, கொண்டை ஊசி வளைவின் உட்புற ஆரம் 14 மீட்டருக்குக் குறையாமலும், அங்கு சாய்வு 40க்கு 1 என்ற அளவிற்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். அடுத்தடுத்த இரு கொண்டை ஊசி வளைவுகளுக்கிடையே குறைந்தது 60 மீ. இடைவெளி தேவை. பழைய சாலைகள் எல்லா இடங்களிலும் இவ்வளவுகளுக்கு உட்பட்டிருக்கும் எனக் கூற முடியாது. எனினும், வளைவில் சாய்வைக் குறைக்க வேண்டும் என்ற கொள்கை பொதுவானது.

மிதிவண்டி ஓட்டுநருக்கு இதனால் ஒரு நன்மை உண்டு. வளைவின் வெளிப்புறம் சாய்வு குறைந்தது. அங்கு சில நொடிகள் மூச்சு வாங்கிக் கொள்ளலாம். உட்புறத்தை ஒட்டிச் செல்வோர் குறைந்த தொலைவில் அதே உயரத்தை ஏற வேண்டியிருப்பதால், அவர்களுக்கு அதுவே மிகச் செங்குத்தான இடமாகி விடுகின்றது. ஆனால் வெளிப்புறம் நகர்வதற்கு முன் பின்னால் வரும் ஊர்திகளைக் கவனிக்க வேண்டும். நீளமான பேருந்துகள் திரும்புவதற்குச் சாலையின் முழு அகலத்தையும் எடுத்துக் கொள்ளும். பேருந்து ஒன்று வளைவில் நுழைந்துவிட்டால், மிதிவண்டியை ஓரமாக நிறுத்தி அது கடந்து செல்ல விடுவதே முறை.

ஏற்றத்தின் இயற்பியல்

ஓட்டுநர், மிதிவண்டி, குடிநீர் எல்லாம் சேர்த்து 80 கிலோகிராம் எனக் கொள்வோம். இந்த நிறையை 1,000 மீ. உயர்த்துவதற்குத் தேவையான வேலை 80 × 9.81 × 1,000, அதாவது ஏறத்தாழ 785 கிலோஜூல் ஆகும். இதனை 100 நிமிடங்களில் செய்து முடிக்க, புவியீர்ப்பை எதிர்ப்பதற்கு மட்டும் சுமார் 131 வாட் திறன் தேவை. டயரின் உருள் தடைக்கு ஏறத்தாழ 13 வாட்டும், காற்றுத் தடைக்கு 10 வாட்டிற்கும் குறைவாகவும் செலவாகும். ஆக மொத்தம் சுமார் 150 வாட்.

இக்கணக்கிலிருந்து இரண்டு செய்திகள் புலப்படுகின்றன. முதலாவது, சமவெளியில் மிதிவண்டி ஓட்டுநரின் பெரும் பகைவனாகிய காற்று, மலையேற்றத்தில் பொருட்படுத்தத் தக்கதன்று. இங்கு எடையே எல்லாம். சுமை ஒரு கிலோகிராம் கூடினால், அதே உழைப்பில் உச்சியை அடைய ஒரு நிமிடத்திற்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். இரண்டாவது, மனித உடல் உணவாற்றலில் ஏறத்தாழ கால் பங்கையே இயக்கமாக மாற்றுவதால், 785 கிலோஜூல் வேலைக்கு உடல் சுமார் 750 கிலோகலோரி செலவிடுகின்றது. இது ஒரு முழு வேளை உணவிற்கு ஈடானது. எனவே, வெறும் வயிற்றுடன் ஏறத் தொடங்குவோர் பாதி வழியில் தளர்ந்து போவதில் வியப்பில்லை. வாழைப்பழம், கடலை மிட்டாய், பேரீச்சம்பழம் போன்றவை எளிதில் எடுத்துச் செல்லக் கூடியவை.

கியரின் பங்கு

முன்புறம் 34 பற்களும் பின்புறம் 28 பற்களும் கொண்ட பல்சக்கர இணை ஒன்றில், மிதி ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறத்தாழ 2.55 மீ. நகரும். மணிக்கு 12 கி.மீ. வேகத்திற்கு நிமிடத்திற்கு 78 சுற்றுகள் மிதித்தால் போதும். கியர் இல்லாத சாதாரண மிதிவண்டியில், எடுத்துக்காட்டாக முன்புறம் 44, பின்புறம் 18 பற்கள் இருப்பின், ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 5.4 மீ. நகர்கின்றது. அதே வேகத்திற்கு நிமிடத்திற்கு 37 சுற்றுகளே கிடைக்கும். திறன் ஒன்றாகவே இருப்பதால், ஒவ்வொரு மிதிக்கும் இரு மடங்கிற்கு மேல் விசை தேவைப்படுகின்றது. கால் மூட்டுகள் தாங்குவது முன்னதையே.

ஆகவே, கியர் உழைப்பைக் குறைப்பதில்லை; அதனைச் சிறு சிறு பங்குகளாகப் பிரித்துத் தருகின்றது. பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற டூர் டி பிரான்சு போட்டியில்கூட, ஓடும்போதே மாற்றக்கூடிய கியர்கள் 1937ஆம் ஆண்டில்தான் அனுமதிக்கப்பட்டன. அதற்கு முன்னர் போட்டியாளர்கள் மலையடியில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, மறுபக்கப் பல்சக்கரத்தில் சங்கிலியைப் பொருத்தி ஏற வேண்டியிருந்தது.

இறக்கம்

ஏற்றமே கடினம், இறக்கம் எளிது என்பது பொதுவான எண்ணம். உடல் உழைப்பைப் பொறுத்தவரை இது உண்மை. ஆனால் விபத்துகளைப் பொறுத்தவரை நிலைமை நேர்மாறானது. ஏறும்போது சேமித்த 785 கிலோஜூல் ஆற்றலும் இறங்கும்போது எங்கேனும் செலவாக வேண்டும். ஒரு பகுதி காற்றில் கரைகின்றது; எஞ்சியது பிரேக்குகளில் வெப்பமாகின்றது.

5 விழுக்காடு சாய்வில் பிரேக்கைத் தொடாமல் இறங்கும் ஓட்டுநர் மணிக்கு ஏறத்தாழ 43 கி.மீ. வேகத்தை எட்டுவார். சாய்வு 8 விழுக்காடானால் அவ்வேகம் மணிக்கு 56 கி.மீ. வரை உயரும். 14 மீ. ஆரமுடைய வளைவில், உலர்ந்த தரையில்கூட, மணிக்கு 27 கி.மீ. வேகத்திற்கு மேல் திரும்புவது பாதுகாப்பானதன்று. வளைவில் மணலோ ஈரமோ இருப்பின் இவ்வெல்லை மேலும் குறையும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்பவர் ஆபத்தைக் கண்டு, பிரேக்கை அழுத்தி, முழுமையாக நிற்பதற்கு 30 மீட்டருக்கு மேல் தேவைப்படும். மலைச்சாலையின் பல வளைவுகளில் கண்ணுக்குப் புலப்படும் தொலைவே அவ்வளவு இருப்பதில்லை.

எனவே கீழ்க்காணும் முறைகள் பரிந்துரைக்கப்படுகின்றன.

• வளைவிற்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவின் நடுவில் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கும்.

• பிரேக்கைத் தொடர்ந்து இழுத்துப் பிடிக்காமல், விட்டுவிட்டு அழுத்த வேண்டும். ரிம்மை அழுத்தும் வகைப் பிரேக்குகளில் தொடர் வெப்பத்தால் டியூப் வெடிக்கவும் கூடும்.

• முன், பின் பிரேக்குகள் இரண்டையும் பயன்படுத்த வேண்டும்.

• வளைவின்போது உட்புறக் கால் மேலேயும் வெளிப்புறக் கால் கீழேயும் இருத்தல் வேண்டும்.

• எக்காரணம் கொண்டும் சாலையின் வலப்பக்கத்திற்குச் செல்லலாகாது.

இவ்விதிகள் மிதிவண்டிக்கு மட்டும் உரியவை அல்ல. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து சேலம் நோக்கி இறங்கிய பேருந்து ஒன்று கொண்டை ஊசி வளைவில் கவிழ்ந்து பலர் உயிரிழந்தனர். கனரக ஊர்தியாயினும் மிதிவண்டியாயினும், இறக்கத்தில் தவறுக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு.

காலநிலை

உயரம் 1,000 மீ. கூடினால் வெப்பநிலை பொதுவாக 6 முதல் 7 பாகை செல்சியசு வரை குறைகின்றது. சேலத்தில் கோடை வெயில் கடுமையாக இருக்கும் நாட்களிலும் ஏற்காட்டில் இதமான குளிர் இருப்பதற்கு இதுவே காரணம். வியர்வையில் நனைந்த உடலுடன் உடனடியாக இறங்கத் தொடங்கினால் குளிர் தாக்கி விரல்கள் மரத்துப் போகக்கூடும். மெல்லிய மேலாடை ஒன்றை மடித்து எடுத்துச் செல்வது பயனளிக்கும்.

திசம்பர் பிற்பகுதி முதல் மார்ச் தொடக்கம் வரையிலான காலம் இச்சுற்றுக்கு மிக ஏற்றது. இக்காலத்தில் அதிகாலையில் மூடுபனி இருப்பதால் முன்விளக்கும் பின்புறச் சிவப்பு விளக்கும் தேவை. அக்டோபர் முதல் திசம்பர் நடுப்பகுதி வரை வடகிழக்குப் பருவமழை பெய்கின்றது. கோடையில் மாலை வேளைகளில் இடியுடன் கூடிய மழை திடீரெனத் தோன்றும்.

மண்சரிவும் இரண்டாவது சாலையும்

மலைச்சாலை என்பது சரிவு ஒன்றை வெட்டி அமைக்கப்பட்ட படிக்கட்டு போன்றது. மேற்புறம் வெட்டப்பட்ட சுவர். கீழ்ப்புறம் கொட்டப்பட்ட மண்ணும் தாங்குசுவரும். கனமழையில் மண்ணின் துளைகளில் நீர் நிறைந்து, அதன் எடை கூடி, பிடிமானம் குறைகின்றது. வடிகால் அடைபட்டால் நீர் சாலையின் மீதே ஓடி, கீழ்ப்புறத் தாங்குசுவரை அரிக்கின்றது. சாலையோரத்து வடிகால்களைத் தூர்வாருவது எளிய பணியாகத் தோன்றினாலும், மலைச்சாலையின் ஆயுள் அதனைப் பொறுத்தே அமைகின்றது.

2024ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த பெஞ்சல் புயலைத் தொடர்ந்து, சேர்வராயன் மலையில் மிகக் கனமழை பெய்தது. ஏற்காட்டு மலைச்சாலைகளில் மண்சரிவுகள் ஏற்பட்டுப் போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்டது.

சுற்றுலாப் பயணிகளுக்கு இது ஒத்திவைக்கப்பட்ட பயணம் மட்டுமே. மலைக் கிராமத்தாருக்கோ சேலத்து அரசு மருத்துவமனையும், கல்லூரியும், காப்பியையும் மிளகையும் விற்கும் சந்தையும் இச்சாலைகளின் மறுமுனையில்தான் உள்ளன. ஒரு சாலை அடைபடும்போது நோயாளர் ஊர்திகளும், பால், காய்கறி வண்டிகளும், பேருந்துகளும் குறுகலான மற்றொரு சாலையில் திரள்கின்றன. அத்தகைய நாட்களில் மிதிவண்டிகள் அச்சாலையில் செல்வது, விதிகள் தடுக்காவிடினும், பிறர் வழியை அடைப்பதாகும். மழைக்குப் பிந்தைய நாட்களில் சேலம் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்த பின்னரே புறப்பட வேண்டும்.

பிற மலைச்சாலைகளுடன் ஒப்பீடு

தமிழ்நாட்டில் கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பெயர்பெற்ற சாலைகள் பல உள்ளன. கொல்லிமலைச் சாலையில் 70, ஆழியாற்றிலிருந்து வால்பாறை செல்லும் சாலையில் 40, உதகைக்கும் மசினகுடிக்கும் இடைப்பட்ட கல்லட்டிச் சாலையில் 36, திண்டுக்கல்லை அடுத்த சிறுமலைச் சாலையில் 18 வளைவுகள் உள்ளன. 2008ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வரும் "டூர் ஆப் நீலகிரீசு" மிதிவண்டிப் பயணத்தில் கல்லட்டி ஏற்றம் மிகக் கடினமானதாகக் கருதப்படுகின்றது. ஏற்காட்டுச் சாலை இவற்றைவிட மென்மையானது. முதன்முறையாக மலையேறுவோருக்கு ஏற்றது.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கு

தென்கோடியில் உள்ள தாமிரபரணிப் பள்ளத்தாக்கை இச்சுற்றுடன் ஒப்பிடுவது பொருத்தமானது. பொதிகை மலையில் தோன்றும் தாமிரபரணி, திருச்செந்தூருக்கு வடக்கே புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கின்றது. திருச்செந்தூரிலிருந்து ஆழ்வார்திருநகரி, திருவைகுண்டம், பாளையங்கோட்டை, சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் வரை ஆற்றையொட்டி மிதிவண்டியில் செல்லலாம். சுமார் 100 கி.மீ. நீளமுள்ள இவ்வழி முழுவதும் வயல்களும் வாழைத் தோட்டங்களும் சூழ்ந்த சமவெளியே. கடற்கரையிலிருந்து இவ்வளவு தொலைவு வந்தும் 200 மீ. உயரத்தைக்கூட எட்டுவதில்லை. பாபநாசத்தில் மலை திடீரெனச் சுவராக எழுகின்றது.

ஆனால் அங்கு சுற்று அமைவதில்லை. பாபநாசத்திலிருந்து காரையாறு அணைக்குச் செல்லும் சாலையும், மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து வழியாகக் குதிரைவெட்டிக்குச் செல்லும் சாலையும் பொதுமக்களைப் பொறுத்தவரை மலைக்குள்ளேயே முடிவடைகின்றன. சென்ற வழியே திரும்ப வேண்டும். இரண்டும் 1988ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்திற்குள் அமைந்துள்ளதால் வனத்துறையின் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டவை. மாஞ்சோலைச் சாலை இரு சமவெளிகளை இணைப்பதற்காக அன்றி, சிங்கம்பட்டி சமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெறப்பட்ட தேயிலைத் தோட்டங்களுக்காக உருவானது. அத்தோட்டங்களின் பணிகள் 2024இல் நிறுத்தப்பட்டன. தோட்டமே அச்சாலையின் முடிவாக இருந்தமையால், அங்கு வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு அதுவே உலகுடன் இணைக்கும் ஒற்றை வழியாகவும் இருந்தது. சேர்வராயன் மலைக்கு இரு வழிகள் இருப்பதன் அருமை இவ்வொப்பீட்டால் விளங்கும்.

உலக அளவில்

மலையேற்றங்கள் மிதிவண்டிப் போட்டிகளின் மையமாக மாறியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆகும். டூர் டி பிரான்சு போட்டி 1910ஆம் ஆண்டில் முதன்முறையாகப் பிரனீசு மலைத்தொடரின் உயர்ந்த கணவாய்களைக் கடந்தது. ஆல்ப்சு மலையில் உள்ள ஆல்ப் தூயே ஏற்றம் 1952ஆம் ஆண்டில் அப்போட்டியில் சேர்க்கப்பட்டது. 13.8 கி.மீ. நீளமும் சராசரியாக 8.1 விழுக்காடு சாய்வும் கொண்ட அச்சாலையில் 21 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏற்காட்டுச் சாலையில் ஒன்று குறைவு. ஏறும் உயரத்தில் பெரிய வேறுபாடு இல்லை எனினும், ஏற்காட்டுச் சாலை நீளமானது என்பதால் சாய்வு குறைவு.

விதிகளும் முன்னேற்பாடுகளும்

• இரு ஊர்திகள் ஒருங்கே செல்ல இடமில்லாத மலைச்சாலையில், ஏறும் ஊர்திக்கு இறங்கும் ஊர்தி வழிவிட வேண்டும் என்பது இந்தியச் சாலை விதி. இறங்கும் மிதிவண்டி ஓட்டுநரும் இதனைப் பின்பற்றுதல் நன்று.

• மிதிவண்டிக்குத் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம் இல்லை எனினும், மலைச்சாலையில் அதின்றிச் செல்லலாகாது.

• ஏற்றத்தின்போது மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை நீர் தேவைப்படும். இரண்டு குப்பிகளாவது எடுத்துச் செல்ல வேண்டும்.

• மாற்று டியூப், பஞ்சர் ஒட்டும் பொருட்கள், சிறிய காற்றடிப்பான், சங்கிலி இணைப்பான் ஆகியன உடன் இருத்தல் வேண்டும். புறப்படும் முன் பிரேக் கட்டைகளின் தேய்மானத்தைப் பார்க்க வேண்டும்.

• சாலையோரக் குரங்குகளுக்கு உணவளிக்கக் கூடாது. கையில் உணவுப் பொட்டலத்துடன் நிற்பதையும் தவிர்க்க வேண்டும்.

• மலையில் காட்டெருமைகள் நடமாடுகின்றன. மிதிவண்டி ஓசையின்றி வருவதால் விலங்கு மிரளக்கூடும். கண்டவுடன் தொலைவிலேயே நின்று, அது கடந்து செல்லும்வரை காத்திருக்க வேண்டும். இருட்டிய பின் மலைச்சாலையில் செல்லலாகாது.

• தனியாகச் செல்வோர், ஏறும் வழியையும் இறங்கும் வழியையும் வீட்டில் சொல்லிவிட்டுச் செல்ல வேண்டும். சுற்றுப் பாதையில் தேடுவோர் எந்தச் சாலையில் தேடுவது என்று அறியாமல் போகலாம்.

இவற்றையும் பார்க்க

• ஏற்காடு
• சேர்வராயன் மலை
• கிழக்குத் தொடர்ச்சி மலை
• கொண்டை ஊசி வளைவு
• மிதிவண்டி
• கொல்லி மலை
• மாஞ்சோலை
• களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகம்